ஒன்பது விநாடிப் பேச்சு

அபிதகுஜாம்பாள் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கப் பதினோரு வருடம் ஆயிற்று. அது ஆறு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மிச்சம் ஐந்து வருடமும் ஒரு தப்பை ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை. ஒப்புக்கொள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றுதான் எல்லோரும் கெஞ்சினார்கள்.

அவரிடம் பி.ஏ. படித்தவள் நான். அபிதா மேடம் என்றுதான் எனக்கு வாயில் வரும். இங்கே தேதிகளையும் எண்களையும் எழுதுமுன் நான் இருக்கும் வெளிநாட்டிலிருந்து இரண்டு முறை போன் போட்டு அவரிடம் சரிபார்த்துக்கொண்டேன். ஒன்று தப்பினாலும் அவர் திருத்தி எழுதி அனுப்புவார், அதுவும் பத்திரிகைக்கே.

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் 1982இல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். வீடு சேலையூரில். பேங்க் ஊழியர்களும் வாத்தியார்களும் மனை வாங்கிக் கட்டிய காலனி. கணவர் தோத்தாத்ரிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. 1985இல், கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று தாம்பரம் ஸ்டேஷன் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்த சமயத்தில், அந்தப் போஸ்டர் சொல்வது நிஜமா என்று ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று துறைக் கூட்டத்தில் சொன்னார்.

"அது பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் சமாச்சாரம்மா. நமக்குத்தான் விவசாயம் இருக்கு, பஞ்சாயத்து இருக்கு" என்றார் துறைத் தலைவர்.

"கம்ப்யூட்டரால வேலை போனா பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்டா சார் சோறு போடும்?"

எம்.ஃபிலுக்கு அதையே எடுத்துக்கொண்டார். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை பதினெட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ஏறி இறங்கினார். அவற்றில் ஐந்து மட்டும் கம்ப்யூட்டர் வாங்கி, ஒரு மூலையில் திரை போட்டு மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த ஐந்திலும் டைப்ரைட்டிங் கற்க வருகிறவர்கள் குறையவில்லை, கூடியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் இருப்பதைத் தொடுவதற்கு முன்னால் இதையாவது கற்றுக்கொள்வோம் என்று வந்த கூட்டம் அது. பட்டம் கிடைத்தது. துறையில் யாரும் அதைப் படிக்கவில்லை.

1988இல் பேராசிரியர் பத்ரிநாராயணனிடம் பகுதிநேர ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்தார். ஆறு வருடக் கெடு. பத்ரிநாராயணன் பெரிய ஆள், டெல்லியில் கமிட்டிகளில் உட்காருகிறவர். எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் வந்து ஊர் ஊராக எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த நேரம். போன் வந்தபின் காய்கறி விற்கிறவர்களுக்கு என்ன லாபம் என்பது தலைப்பு. இடம் படப்பை. சுற்றிலும் கத்திரியும் வெண்டையும் கீரையும் விளைந்தன. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரே ஒரு பூத் இருந்தது. அங்கிருந்து சரக்கை மெட்ராஸுக்கும் அனுப்பலாம், காஞ்சிபுரத்துக்கும் அனுப்பலாம், தாம்பரத்திலேயே தள்ளிவிடவும் செய்யலாம். எந்த ஊருக்கு என்பது அன்றைய விலையைப் பொறுத்தது.

பூத்தை நடத்தியவர் அருள்மேரி. கண்ணாடி அறை, உள்ளே குட்டி ஃபேன், வெளியே மேஜைமேல் ஒரு மெஷின். பேசி முடித்ததும் கூப்பிட்ட நம்பரையும் நேரத்தையும் எத்தனை விநாடி, எத்தனை யூனிட் காசு என்பதையும் சீட்டில் அடித்துத் துப்பும். ஜனங்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடுவார்கள்.

"அந்தச் சீட்டையெல்லாம் எனக்குத் தருவீங்களா?" என்று மேடம் முதல் நாள் கேட்டார்.

"குப்பையா? இன்னாத்துக்கு டீச்சர்?"

"படிக்க."

அருள்மேரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எட்துக்கினு போ டீச்சர். பெருக்குற வேலை மிச்சம்."

இரண்டு வருடம், சனிக்கிழமை தோறும் தாம்பரம் ரயில்வே கேட்டைத் தாண்டி வாலாஜாபாத் பஸ் பிடித்துப் படப்பை போய், துணிப்பை நிறையக் கசங்கிய சீட்டோடு வந்தார். வீட்டில் அதை நீவி, இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்த்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார். மொத்தம் பதினாலாயிரத்துச் சொச்சம். கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் பெட்டிகள் கூடத்துக்கு வந்தன.

"யாராவது வந்தா உக்கார இடமில்ல, அபிதா" என்றார் தோத்தாத்ரி.

"பெட்டி மேல உக்காரச் சொல்லுங்கோ. கெட்டியா இருக்கு."

சீட்டுகளை வகை பிரிக்கும்போது ஒரு விதி வைத்துக்கொண்டார். பதினைந்து விநாடிக்குக் கீழே இருப்பதெல்லாம் 'தவறிய அழைப்பு'. தனிப் பெட்டி, கணக்கில் வராது. ஏனென்றால் அவர் வீட்டு போனில் பதினைந்து விநாடிக்குள் யாரும் எதையும் சொன்னதில்லை. 'ஹலோ, யாரு, நான்தான், நான்தான்னா, ஓ நீங்களா, சொல்லுங்கோ, காபி ஆச்சா' என்பதற்கே இருபத்தைந்து விநாடி ஆகும். அதற்குள் வைத்துவிட்டால் அது ராங் நம்பர், இல்லை லைன் அறுந்தது. சேலையூர்க் காலனியில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள்.

அப்படிப் பிரித்ததில் ஐயாயிரத்து எண்ணூறு சீட்டுகள் ஒதுங்கின. மிச்சமிருந்த நீளமான பேச்சுகளில் தொழில் பேச்சு என்று தேறியவற்றில் பெரும்பாலானவை கமிஷன் மண்டிக்காரர்கள் பேசியவை. விவசாயிகள் பேசியது கொஞ்சம்தான். முடிவு தானாக வந்து விழுந்தது: படப்பைப் பக்கத்துக் காய்கறி விவசாயிகளுக்குத் தொலைபேசியைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் விழிப்புணர்வு இல்லை. 1993 ஆரம்பத்தில் இது கட்டுரையாக வெளிவந்தது. முதல் பெயர் பத்ரிநாராயணன், இரண்டாவது பெயர் அபிதகுஜாம்பாள். அதைக் காட்டி டெல்லியில் ஒரு திட்டத்துக்கு நிதியும் கிடைத்தது. விவசாயிகளுக்குத் தொலைபேசி விழிப்புணர்வுப் பயிற்சி. இயக்குநர் பத்ரிநாராயணன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து பத்து நாளில் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் முகாம். பேனர், மைக், பிஸ்கட், டீ. நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு சிவப்பு போன், எதிலும் இணைக்காதது. பத்ரிநாராயணன் அதை எடுத்துக் காதில் வைத்துக் காட்டினார்.

"முதலில் ஹலோ என்று சொல்ல வேண்டும். பிறகு நம் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருப்பவரை நலம் விசாரித்துவிட்டு, அதன் பிறகு விலையைக் கேட்க வேண்டும்."

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்தது தனம். ஒரு ஏக்கர் குத்தகை நிலத்தில் வெண்டையும் கத்திரியும் போடுகிறவள். நாற்பது வயசு இருக்கும், நெடுநெடு என்று உயரம்.

"என்னம்மா, எதற்குச் சிரிக்கிறீர்கள்?"

"ஒண்ணுமில்ல சார். நீ ஹலோ சொல்லி, பேர் சொல்லி, அவன் பொண்டாட்டி புள்ளய விசாரிக்கிறதுக்குள்ள அஞ்சாறு யூனிட்டு ஓடிப் பூடும். வெண்டக்காயும் முத்திப் பூடும்."

மண்டபமே சிரித்தது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அபிதா மேடம் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார்.

"அப்ப நீ எப்படிக் கேப்பே, தனம்?"

தனம் வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டாள். "நம்பர் போடுவேன். அவன் எடுப்பான். காத்தால அஞ்சரைக்கு யாரு போடுவாங்கன்னு அவனுக்குத் தெரியும். 'வெண்ட?' 'ஆறு.' 'கத்திரி?' 'மூணே கால்.' டொக். அப்பால காஞ்சிபுரத்துக்கு ஒண்ணு. எவன் ஜாஸ்தி சொல்றானோ அந்தப் பக்கம் போற வண்டியில மூட்டைய ஏத்துவேன். ஒரு யூனிட்டு தாண்டாது. நாங்க அல்லாருமே அப்டித்தான். இதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் கிளாஸு?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மேடம் மறுபடி படப்பைக்குப் போனார். ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை அருள்மேரியின் பூத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களில் தனத்தின் சீட்டைக் கையில் வாங்கிப் படித்தார். ஒன்பது விநாடி.

"இந்த மாதிரி சின்னச் சின்னதா வர்ற சீட்டெல்லாம் லைன் கட் ஆனதுன்னு நெனச்சேன், மேரி."

"கட் ஆனதுக்கெல்லாம் மெஷினு பில்லு அடிச்சா என்னை வுட்டு வைப்பாளுங்களா டீச்சர்? அன்னைக்கே பூத்தைப் பேத்துட்டிருப்பாளுங்க." அருள்மேரிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ரெண்டு வருசமா வாரிக்கினு போனியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஒதுக்கிய பெட்டிகள் நல்லவேளையாக வீட்டில் இருந்தன. ஐயாயிரத்து எண்ணூறையும் நம்பர் நம்பராகப் பிரிக்க ஆறு வாரம் ஆனது. நாலாயிரத்து இருநூற்றுக்கு மேல் ஒன்பதே ஒன்பது மண்டி நம்பர்களுக்குப் போனவை. எல்லாம் அதிகாலை. அந்த ஊரில் போனைத் தொழிலுக்கு அதிகம் பயன்படுத்தியவர்கள் மண்டிக்காரர்கள் இல்லை, இந்தப் பெண்கள்தான். விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று அச்சில் எழுதியது இவர்களைத்தான்.

ஜனவரியில் பத்ரிநாராயணன் அறைக்குப் போய்ச் சொன்னார். கெடு முடிய மூன்று மாதம் இருந்தது.

அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "சரி. டேட்டால சின்ன விஷயம். ஒரு ஃபுட்நோட் போட்டுடு."

"நாலாயிரம் பேச்சை ஃபுட்நோட்ல எப்படி சார் உக்கார வைக்கறது?"

"அபிதா, தீஸிஸ் ரெடி. டைப் அடிச்சாச்சு. நான் கையெழுத்துப் போட்டா மார்ச்ல சப்மிட் பண்ணிடலாம், ஜூன்ல நீ ரீடர். இதெல்லாம் பட்டம் வாங்கினப்புறம் இன்னொரு பேப்பரா எழுதிக்கோயேன். யார் வேண்டாங்கறா?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் அதுக்கு எப்படி சார் பட்டம் வாங்கறது?"

"திட்டம் ரெண்டாம் கட்டத்துக்குப் போயிண்டிருக்கு. பன்னெண்டு ஊர். கட்டுரைல என் பேரும் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"தப்பு என்னோடது சார். உங்களோடது இல்லைன்னு எழுதறேன்."

"எழுதறயா? எங்கே எழுதப்போறே?"

"கட்டுரை வந்த பத்திரிகைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எழுதினா என் கையெழுத்து கிடையாது. மாத்தி எழுதற தீஸிஸுக்கும் கிடையாது. ஆறு வருஷம் போயிடும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

வீட்டில் தோத்தாத்ரியிடம் சொன்னார். "இவ்வளவு பெட்டியையும் மறுபடி பிரிக்கணுமா?" என்று மட்டும் அவர் கேட்டார். ஆமாம் என்றதும் கூடத்து நாற்காலிகளில் இரண்டைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டு வந்தார்.

திருத்தக் கடிதம் அந்தப் பத்திரிகையில் முக்கால் பக்கம் வந்தது. பிழை என்னுடையது, விதியை வைத்தது நான், படப்பைப் பெண்களைப் பற்றி அந்தக் கட்டுரை சொன்னது பொய் என்று எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதியிருந்தார். 1994 மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவருடைய பதிவு காலாவதி ஆனது. ரீடர் பதவி அவருக்கு நாலு வருடம் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. ஸ்டாஃப் ரூமில் அவருக்கு 'ஒன்பது செகண்ட் மேடம்' என்று பெயர் வந்தது. காதில் விழும்படி ஒருவர் சொன்னபோது, "எட்டரைதான் சராசரி. தப்பாச் சொல்லாதீங்கோ" என்றார்.

ஒன்றரை வருடம் யாரும் அவருக்கு வழிகாட்டியாக வரச் சம்மதிக்கவில்லை. பத்ரிநாராயணனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. கடைசியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியரான ஞானையா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

"தன் தப்பைத் தானே அச்சுல போட்ட ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றார்.

"எனக்கும்தான் சார்."

"பதிவு பண்ணிருங்க."

திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடவை சீட்டை வாங்கியதோடு நிற்கவில்லை. சீட்டுக்குரியவளைப் பிடித்து, என்ன கேட்டாய், என்ன சொன்னான், எந்த வண்டியில் ஏற்றினாய் என்று எழுதிக்கொண்டார். சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது, மண்டி நம்பர்கள் மாறின, அதையும் எழுதினார். போன் வந்தபின் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த விலை கூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டு நிறுவினார். 1998இல் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. 1999 ஜனவரியில் வாய்மொழித் தேர்வு.

அந்தத் தேர்வுக்குப் 'பொது' வாய்மொழித் தேர்வு என்று பெயர். பொதுமக்கள் யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்பது விதி. நிஜத்தில் துறை ஆசிரியர்கள் பத்துப் பேரும் எம்.ஏ. பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து, முன்னாலேயே எழுதிக் கொடுத்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு, சமோசா தின்றுவிட்டுப் போவார்கள். அபிதா மேடம் அந்த அறிவிப்பில் ஒரு பிரதியைத் தமிழில் எழுதிப் படப்பைக்குக் கொண்டுபோய் அருள்மேரியின் பூத்துக் கண்ணாடியில் ஒட்டினார்.

பதினோரு பேர் வந்தார்கள். இரண்டு பஸ் மாறி, அவரவர் நல்ல புடவையில். நானும் அன்று பின் வரிசையில் இருந்தேன். வாசலில் பியூன் அவர்களை மறித்தார்.

"யாரும்மா நீங்கள்லாம்? எங்க போறீங்க?"

"பப்ளிக்கு" என்றாள் தனம். "நோட்டீஸுல போட்டுக்கீது. வழி வுடு."

பத்ரிநாராயணனும் வந்திருந்தார், இரண்டாம் வரிசையில். மேஜையில் ஞானையாவும், வடக்கேயிருந்து வந்த வெளித் தேர்வாளரும். அவருக்குத் தமிழ் தெரியாது. மேடம் நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் பத்ரிநாராயணன் எழுந்தார். கேள்வி இதுதான்: ஒன்பது விநாடி நீடித்த ஒன்று தொழில் பேச்சுத்தான், தவறிய இணைப்பு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

"பேசினவங்களைக் கேட்டேன், சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று ஞானையா சடங்குக்காகக் கேட்டார். தனம் எழுந்து நின்றாள்.

"எனுக்கு ஒண்ணு கீது."

அறையில் நாற்காலிகள் திரும்பின.

"டீச்சர், வெலை தெரிஞ்சிக்கினதுல எங்களுக்கு ஜாஸ்தி கெடைக்குதுன்னு எழுதிக்கீறன்னு மேரி சொன்னா. சரி, கெடைக்குது. வெலை தெரிஞ்ச அன்னைக்கெல்லாமா வண்டி வருது? காஞ்சிபுரத்துல ஆறு ரூபான்னு தெரிஞ்சிக்கினே, வண்டி இல்லாம, ரோட்டோரம் குந்திக்கினு, வர்றவன் கேக்குற ரெண்டு ரூபாய்க்குத் தள்ளிட்டு வூட்டுக்குப் போறோமே. முன்னெல்லாம் தெரியாம வித்தோம். இப்போ தெரிஞ்சிக்கினே விக்கிறோம். வயிறு எரியுது. அது உன் புக்குல கீதா?"

வெளித் தேர்வாளர் ஞானையாவைப் பார்த்தார். ஞானையா குனிந்து, போக்குவரத்து வசதி குறித்து இந்தப் பெண்மணி ஒரு கருத்துத் தெரிவிக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேடத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "ஆய்வின் வரம்புக்கு வெளியேன்னு சொல்லிருங்க, போதும்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னால் முடிந்துவிடும்.

மேடம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தனம் சொன்னதை ஒரு வரி விடாமல், வயிறு எரிவதையும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "அது என் ஆய்வில் இல்லை. விலை தெரிந்தும் விற்க முடியாமல் போன நாட்களை நான் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்" என்றார்.

"அப்படியானால் இந்த ஆய்வு முழுமையானது இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார் வெளித் தேர்வாளர்.

"ஆமாம். முழுமையானது இல்லை. அதில் இருப்பது சரி."

ஞானையா பேனாவை மேஜைமேல் வைத்தார். பத்ரிநாராயணன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெற்றி என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

தேர்வாளர்கள் இருவரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வழக்கமாக ஐந்து நிமிடம் ஆகும். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. நடைபாதையில் தனம் மேடம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், நான் கேட்டதுனால உனுக்கு பேஜாராப் பூட்ச்சா?"

"ஆயிடுத்து."

"அப்போ கேக்காம இருந்திருக்கலாமா?"

"வந்ததே கேக்கத்தானே? வாயை மூடிண்டு சமோசா தின்னுட்டுப் போகவா பதினோரு பேர் வந்தீங்க?"

"சமோசா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அருள்மேரி.

மேடம் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் புரட்டினார். "சொல்லு தனம். போன வாரம் எத்தனை நாள் வண்டி வரலை?"

"திங்கக்கெழமை வரல. வியாழக்கெழமை வந்தான், எடமில்லன்னுட்டான்."

"எடமில்லைன்னா? யார் சரக்கு ஏத்தியிருந்தான்?"

"மண்டிக்காரன் சரக்குதான். வேற யாருது?"

"அவன் எத்தனை மணிக்குச் சொல்லி வைக்கறான்?"

கதவு திறந்தது. பியூன் எட்டிப் பார்த்தார். "மேடம், உள்ளே கூப்பிடறாங்க."

"ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கோ" என்றார் மேடம், எழுதிக்கொண்டே.

தேர்வாளர்கள் ஏழு நிமிடம் காத்திருந்தார்கள். பட்டம் கொடுக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.